தையலறை ஒழுங்கு: முதலில் ஊசி, பிறகு பிறர் துணி, கடைசியில்தான் பெட்டி

வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவர்கள் ஒருநாள் அலுத்துப்போய் இடத்தை ஒழுங்குபடுத்தக் கிளம்பினால், முதலில் டவுனுக்குப் போய் பிளாஸ்டிக் பெட்டி வாங்கி வருகிறார்கள். நானும் வாங்கினேன். ஆறு பெட்டிகள். ஒரே மாதத்தில் ஆறிலும் பழைய குழப்பம் மூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என்னிடம் தையல் பழகுகிறவர்களின் வீடுகளிலும் இதையே பார்க்கிறேன்.

தையல் மூலை நிரம்பி வழிவதற்குப் பொருள் மிகுதி பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, முடிவெடுக்காமல் தள்ளிப்போட்ட துணி. அதனால்தான் கீழே உள்ள படிகள் பெட்டியில் தொடங்கவில்லை. வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரும்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பட்டாசலின் (கூடத்தின்) ஒரு ஓரம்தான் என் தையலறை. ஒன்பதடிக்கு ஏழடி. ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை தைக்கிறேன். மிஞ்சும் துண்டுகளில் குழந்தைகளுக்கு ஒட்டுப்போர்வை. இங்கே சொல்வது அந்த அளவு இடத்துக்குத்தான்.

1. நாள் பார்ப்பதும் முன்னேற்பாடும்

நல்ல காலம் ஆடி மாதம். கல்யாணம் இருக்காது. சீருடை வேலை ஜூனிலேயே முடிந்திருக்கும். தீபாவளி ரவிக்கைகள் வரத் தொடங்கியிருக்காது. புரட்டாசி பாதிக்கு மேல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். நடுவில் ஆர்டர் வந்து விழுந்தால் பிரித்த குவியல் மறுபடி ஒன்றாகிவிடும். பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்துமஸ் உடை தைக்கிறவர்களுக்கு தீபாவளி முடிந்தும் மூச்சுவிட நேரம் கிடைக்காது. மேலப்பாளையத்தில் தைக்கிறவர்கள் நோன்புப் பெருநாள் அந்த ஆண்டு எந்த மாதத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆடியில் ஒரு தொல்லை உண்டு, காற்று. மேற்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தாமல் துணியைப் பிரித்து வைத்தால், தெருப் புழுதி முழுவதும் வெள்ளைத் துணியின்மேல்தான் வந்து படியும். கிழக்கு அல்லது வடக்கு ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும்.

இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். தரையில் விரிக்கப் பழைய சேலைகள் நான்கு, ஜவுளிக்கடைக் கட்டைப்பைகள் எட்டு அல்லது பத்து, ஒரு காந்தம், ஒரு நோட்டு, பால்பாயிண்ட் பேனா, வெள்ளை லைனிங் துணிக் கீற்றுகள், மூடியுள்ள ஒரு பழைய டப்பா. இவ்வளவும் வீட்டிலேயே இருக்கும். காந்தம் இல்லாவிட்டால் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியது போதும்.

2. தரையில் உட்காரும் முன் ஊசியைப் பொறுக்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் தாண்டிப்போகிற படி இது. துணியை அள்ளித் தரையில் கொட்டிவிட்டுச் சம்மணம் போட்டு உட்காருகிறார்கள். உடைந்த ஊசி முனை தொடையில் ஏறிய பிறகுதான் காந்தத்தைத் தேடுகிறார்கள்.

காந்தத்தை ஒரு கைக்குட்டையில் சுற்றி, மிஷின் மிதியின் அடியிலும் சுவரோரத்திலும் மெல்ல இழுங்கள். துணியோடு சேர்த்துச் சுற்றுவது எதற்கென்றால், முடிந்ததும் கைக்குட்டையை உருவினால் ஊசிகள் தாமாக உதிர்ந்துவிடும், விரலால் பிடுங்க வேண்டியதில்லை. பித்தளை ஊக்கும் பித்தளைக் கொக்கியும் காந்தத்தில் ஒட்டாது. அவற்றுக்குக் கண்தான் வழி. டார்ச் விளக்கைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் பளிச்சென்று தெரியும்.

வளைந்ததும் முனை மழுங்கியதும் அந்த மூடியுள்ள டப்பாவுக்குள் போகட்டும். நிறைந்த பிறகு மூடியைச் சுற்றி நாடா ஒட்டி எறியுங்கள். குப்பை அள்ள வருகிறவர் பையை வெறும் கையால்தான் தூக்குகிறார்.

3. பிறர் துணியைத் தனியே எடுங்கள்

நிறம், ரகம், அளவு என்று எதையும் பார்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, இது யாருடையது என்பது. நம் பொருள் தொலைந்தால் போகட்டும் என்று விடலாம். அடுத்த வீட்டு மதினியின் மகளுக்கு நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த ரவிக்கைத் துணி தொலைந்தால் தெருவில் நடமாட முடியாது.

ஒரு சேலையை விரித்து அதில் பிறர் துணி மட்டும் வையுங்கள். ஒவ்வொருவருக்கும் எண் கொடுங்கள். நோட்டில் எண், பெயர், வந்த நாள், என்னென்ன வந்தது என்று எழுதுங்கள். "ரவிக்கைத் துணி 1, லைனிங் 1, அளவு ரவிக்கை 1, ஃபால்ஸ் 1" என்று பிரித்து எழுத வேண்டும். வெறுமனே "பச்சை ரவிக்கை" என்று எழுதினால், தீபாவளிக்கு முந்தின வாரம் பச்சையிலேயே ஏழு ரவிக்கை வந்து நிற்கும்.

எண்ணை லைனிங் கீற்றில் எழுதி, அந்தக் கட்டோடு நூலால் ஒரு தையல் போட்டுவிடுங்கள். ஊக்கு குத்தாதீர்கள். ஐப்பசி மழையில் மலிவான ஊக்கு துருப்பிடிக்கும். துருக் கறை பட்டில் ஏறினால் போகாது. துணியின் மீதே சாக்கட்டியால் எண் எழுதுகிற பழக்கமும் வேண்டாம். சில சாயத் துணிகளில் இஸ்திரிச் சூடு பட்டதும் சாக்கட்டிக் கோடு அப்படியே தங்கிவிடும்.

ஒருவருடைய எல்லாத் துண்டும் ஒரே கட்டில் இருக்க வேண்டும். லைனிங் எல்லாம் ஓரிடம், அளவு ரவிக்கை எல்லாம் ஓரிடம் என்று அழகுக்காகப் பிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தைக்க உட்காரும்போது ஒரு ரவிக்கைக்காக நான்கு இடத்தில் தேட வேண்டும்.

தைத்து முடித்தும் வாங்கிப் போகாத துணி எல்லோரிடமும் இருக்கும். என்னிடம் ஒன்று மூன்று வருடம் கிடந்தது. அன்றைக்கே ஃபோன் எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். பாதிப் பேர் மறந்தே போயிருப்பார்கள். கூலி கொடுக்கச் சங்கடப்பட்டு வராதவர்களும் உண்டு. அவர்களிடம் துணியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், கூலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இடமாவது மிஞ்சும்.

4. உங்கள் அரைகுறை வேலைகள்

வெட்டித் தைக்காதது, பாதி தைத்தது, பிரித்துத் தைக்க வைத்தது எல்லாம் ஒரு கட்டைப்பைக்குள் போகட்டும். ஒரே பைதான். அதில் கொள்ளாததை இப்போதே பிரித்துத் துண்டுத்துணியோடு சேர்த்துவிடுங்கள். குழந்தைக்கு நான்கு வயதில் வெட்டிய பாவாடையை ஒன்பது வயதில் முடிக்க முடியாது.

5. மீந்த துணியை அளவால் பிரியுங்கள்

நிறவாரியாக அடுக்கிய படங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். நமக்கு வேலையில் எழும் கேள்வி "இந்தத் துண்டு போதுமா?" என்பதுதான். ஆகவே முதல் பிரிவு அளவு, இரண்டாவது ரகம், நிறம் அதற்கு அப்புறம்.

ஒரு மீட்டரும் அதற்கு மேலும் உள்ளவை ஒரு குவியல். ரவிக்கைக்குத் தேறும் 80 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரையானவை அடுத்தது. கைக்கோ பட்டைக்கோ ஆகும் அரை மீட்டர்த் துண்டுகள் ஒன்று. ஒரு சாண் அகலமுள்ளவை ஒன்று. நான்கு விரற்கடை அகலக் கீற்றுகள் ஒன்று. அதற்கும் கீழே உள்ளது எல்லாம் தூள். அதை எடுத்துவைக்கும் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் வைக்கக் கூடாது.

அளவு முடிந்ததும் பருத்தி வேறு, பாலியெஸ்டர் வேறு என்று பிரியுங்கள். ஒட்டுப்போர்வை தைக்கிறவர்களுக்கு இது கட்டாயம். பருத்தி முதல் சலவையில் சுருங்கும். பாலியெஸ்டர் சுருங்காது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துத் தைத்தால் ஒரு சலவைக்குப் பிறகு போர்வை அப்பளம்போல் நெளியும். இஸ்திரிச் சூடும் இரண்டுக்கும் ஒன்றல்ல.

எது எது என்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி, புறவாசலில் வைத்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். கலப்புத் துணியில் இரண்டும் சேர்ந்து தெரியும். துணிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஆடிக் காற்றைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

சாயம் போகும் துணியை இப்போதே ஒதுக்குங்கள். நனைத்த வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், வெள்ளையில் நிறம் ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். கருஞ்சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் காலை வாருகின்றன.

6. ஒட்டுத்துணி எவ்வளவு போதும்?

"என்றைக்காவது உதவும்" என்ற சொல்லுக்குக் கணக்குதான் மருந்து. கைக்குழந்தைக்குச் சுமார் மூன்றடிக்கு நான்கடிப் போர்வை என்று வைத்துக்கொள்வோம். 5 அங்குலச் சதுரங்களாக வெட்டி, நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாக நிற்கும். அகலத்துக்கு 8, நீளத்துக்கு 11, ஆக 88 சதுரம். 36 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள துணி ஒரு மீட்டரில் இப்படி 49 சதுரம் தேறும். அதாவது இரண்டு மீட்டர்த் துணிக்குச் சமமான துண்டுகள் இருந்தால் ஒரு போர்வையின் முகப்பு முடிந்தது.

இப்போது உங்கள் மூட்டையைப் பாருங்கள். எத்தனை போர்வை தைப்பீர்கள்? நான் ஆண்டுக்கு நான்கு தைக்கிறேன். எனக்கு இரண்டு கட்டைப்பைத் துண்டு தாராளம். ஒரு காலத்தில் பரண் முழுக்க வைத்திருந்தேன்.

வைத்துக்கொள்ளும் துண்டை இப்போதே 5 அங்குலச் சதுரமாகவும் இரண்டரை அங்குலக் கீற்றாகவும் வெட்டிவிடுங்கள். ஒழுங்கற்ற துண்டு இடத்தையும் அடைக்கும், தைக்கும் நாளில் சலிப்பையும் தரும். வெட்டுவதற்கு அட்டையில் அச்சு செய்யாதீர்கள். இருபது முறை சாக்கட்டி ஓடியதும் அட்டையின் ஓரம் தேய்ந்துவிடும், ஐம்பதாவது சதுரம் முதலாவதோடு பொருந்தாது. பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய அச்சு பல ஆண்டு வரும்.

மிச்சமுள்ள பருத்தித் தூளைத் தலையணைக்குள் திணிக்கலாம். வண்டி பழுதுபார்க்கும் பட்டறைகளில் கை துடைக்கப் பருத்தித் துணியை வாங்கிக்கொள்வார்கள், கேட்டுப் பாருங்கள். பாலியெஸ்டரைக் கொளுத்தாதீர்கள்.

7. நூல், ஊசி, கொக்கி

நூல்கண்டு ஒவ்வொன்றிலும் ஒரு முழம் உருவி, இரு கையாலும் பிடித்துச் சுண்டுங்கள். பட்டென்று அறுந்தால் தூக்கிப்போடுங்கள். வெயிலும் ஈரமும் பட்ட பழைய நூல் மிஷினில் நிமிடத்துக்கு ஒருமுறை அறும். புதியவர்கள் மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுவது பாதி நேரம் இதற்காகத்தான். நல்ல நூலை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டுவது அழகுதான், ஆனால் வெளிச்சமும் தூசியும் நேராகப் படும்.

அடிநூல் சுற்றும் பாபின்களை ஒன்றாகக் கொட்டி வைக்கக் கூடாது. ஒவ்வொரு மிஷினுக்கும் பாபின் அளவு கொஞ்சம் மாறும். மாற்றிப் போட்டால் அடியில் நூல் சிக்கும். இரண்டு மிஷின் இருந்தால் இரண்டு டப்பா.

ஊசிக்கு ஒரு கம்பளித் துண்டை எடுத்து 11, 14, 16, 18 என்று நான்கு கட்டமாகத் தையல் ஓட்டி, அந்தந்த ஊசியை அந்தந்தக் கட்டத்தில் குத்துங்கள். மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, தடித்த துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18. எண் ஊசித் தண்டிலேயே பொறித்திருக்கும், படிக்கத்தான் கண் வேண்டும். கம்பளியில் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் தடவிவைத்தால் மழைக்காலத்தில் துரு ஏறாது. அப்படி எடுத்த ஊசியை வெறும் துணியில் நாலு குத்து குத்திய பிறகே பட்டின்மேல் ஓட்ட வேண்டும்.

கொக்கி, பிரஸ் பட்டன், சட்டைப் பட்டன் இவற்றுக்குச் சமையலறையில் ஓய்வு பெற்ற அஞ்சறைப்பெட்டியை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒரே மூடி, ஏழு கிண்ணம், திறந்தால் எல்லாம் கண்முன். ஆனால் மிளகாய்ப்பொடி வாசம் போக மூன்று நாள் வெயிலில் காயவேண்டும். திருநெல்வேலியில் அல்வா டப்பாவுக்கும் பஞ்சமில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டில் பட்டன் அதில்தான் இருக்கிறது. அந்த டப்பாவின் மூலையில் ஒட்டிய நெய்யைச் சீயக்காய் போட்டு எடுக்காவிட்டால் லேஸ், நாடா எல்லாம் கறைபடும், எறும்பும் வரும்.

8. இப்போது இடம் ஒதுக்குங்கள்

மிஷின் முன் உட்கார்ந்து ஒரு ரவிக்கையை மனத்துக்குள் தைத்துப் பாருங்கள். உட்கார்ந்தபடியே கை எட்ட வேண்டியவை எவை? நூல் வெட்டும் சிறு கத்தரி, தையல் பிரிப்பான், பாபின், சாக்கட்டி, இஞ்ச் டேப். எழுந்து இரண்டடியில் எட்ட வேண்டியவை பெரிய கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, நடப்பு ஆர்டர்க் கட்டுகள். ஒட்டுத்துணியும் மீந்த துணியும் பரணுக்குப் போகலாம். அழகாக இருக்கிறதென்று தினம் தேவைப்படும் கத்தரியை மேல்தட்டில் வைத்தவர்கள் ஒரு வாரத்தில் அதை மிஷின் மேலேயே போட்டுவைப்பார்கள்.

மிஷினின் ஊசி நமக்கு இடப்பக்கம் இருப்பதால் ஜன்னலும் இடப்பக்கம் அமைந்தால் கையின் நிழல் தையலில் விழாது. வடக்கு ஜன்னல் என்றால் பெரும்பாலும் சீரான வெளிச்சம். மேற்கு ஜன்னலோரம் துணி அலமாரி வைக்காதீர்கள், மடிப்பின் மேல்வரி மட்டும் வெளுத்துப்போகும்.

வெட்டுவதற்கு மேசை இருந்தால் உங்கள் இடுப்பு உயரம் இருக்கட்டும். தரையில் வெட்டுகிறவர்கள் பத்தமடைப் பாயில் உட்காரலாம். ஆனால் அதன்மேல் துணியை விரித்துக் கோடு போட்டால் கோரையின் வரி சாக்கட்டியை இடறும். ஒரு பிளைவுட் பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் படி முடிந்த பிறகுதான் பெட்டி. எந்தத் தட்டில் என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. இஞ்ச் டேப்பால் தட்டின் நீள அகல உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். உள்ளே இருப்பது தெரிகிற பெட்டியாக வாங்குங்கள்.

9. வெள்ளம், ஈரம், பூச்சி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தது. அலமாரியின் அடித்தட்டில் வாடிக்கையாளர் துணிகளை வைத்திருந்தேன், எடுக்கச் சுலபம் என்று. ஒரு கருஞ்சிவப்பு லைனிங் மற்ற எல்லாவற்றிலும் சாயத்தை இறக்கிவிட்டது. பதினோரு பேருக்குத் துணி வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அடித்தட்டில் எக்ஸ்ரே ஃபிலிம் அச்சும் பிளாஸ்டிக் டப்பாவும் மட்டும்தான். பிறர் துணி நெஞ்சு உயரத்துக்கு மேலே. மின் இணைப்புப் பலகையும் தரையில் கிடக்கக் கூடாது.

கஞ்சி போட்ட துணியைச் சேமிக்காதீர்கள். இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. வேப்பிலை வைப்பதென்றால் நன்றாகக் காய்ந்த பின் வையுங்கள், பச்சையாக வைத்தால் ஈரமும் கறையும்தான் மிச்சம். பட்டைப் பழைய வேட்டித் துண்டில் சுற்றுங்கள், பாலித்தீன் பையில் காற்றோட்டம் இருக்காது. அந்துருண்டை துணியில் நேராகப் படக் கூடாது. கைக்குழந்தைப் போர்வைக்கான துணியோடு அந்துருண்டையே வேண்டாம். அதன் ஆவி சில பச்சிளங்குழந்தைகளின் இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

10. அளவு நோட்டும் காகித அச்சும்

அளவு எழுதும்போது தேதி எழுதுங்கள். உடம்பு மாறும், ஆறு மாதத்துக்கு முந்திய அளவை நம்பி வெட்டக் கூடாது. இன்னொன்று, அந்த நோட்டை எல்லோரும் புரட்டும் இடத்தில் வைக்காதீர்கள். ஒருத்தியின் இடுப்பளவு அடுத்தவளுக்கு எதற்கு?

காகித அச்சுகளை மடித்தால் மடிப்பிலேயே கிழியும், அளவும் மில்லிமீட்டர் கணக்கில் தவறும். ஓட்டை போட்டுக் கொக்கியில் தொங்கவிடுங்கள்.

11. மிஷினைச் சுத்தம் செய்து முடியுங்கள்

மிஷினைக் கடைசிக்கு வைத்த காரணம், இரண்டு நாளும் பறந்த பஞ்சு அதன் மேல்தான் படிந்திருக்கும். ஊசித்தட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களுக்கிடையே அடைந்த பஞ்சைப் பழைய பல் துலக்கும் பிரஷால் எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், ஈரம் உள்ளே போகும். எண்ணெய்த் துளைகளில் ஒவ்வொரு சொட்டு. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் துளைக்குள் விழுந்து எண்ணெயோடு கெட்டிப்பட்டிருந்தால் முதலில் அதைக் குண்டூசியால் சுரண்டுங்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நாளடைவில் பிசினாகி மிஷினை இறுக்கும். பிறகு வெட்டுத் துணியில் நூல் இல்லாமல் இரண்டு நிமிடம் ஓட்டினால் வழிந்த எண்ணெயை அது குடித்துக்கொள்ளும்.

மறுநாள் முதல் ரவிக்கைத் துணி வந்து இறங்கும். வாங்கியவுடன், கொண்டுவந்தவர் வாசலில் நிற்கும்போதே, எண்ணையும் என்னென்ன தந்தார் என்பதையும் நோட்டில் எழுதிக் கீற்றைத் தைத்துவிடுங்கள். "காபி குடித்துவிட்டு எழுதலாம்" என்று மிஷின் மேல் வைத்த துணி எத்தனை நாள் அங்கேயே கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.